கசிவது எங்கே? ஊடக நிறுவனங்களின் தகவல் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

பத்திரிகை, தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனங்களில் நடக்கும் தகவல் திருட்டு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்கள்.

கே: வங்கியில் பணம் இருக்கிறது, திருடுகிறார்கள். பத்திரிகையிலும் படக் கம்பெனியிலும் திருடுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

ப: நிறைய இருக்கிறது. இன்னும் வெளிவராத படமும் தொடரும், லட்சக்கணக்கான சந்தாதாரர்களின் விவரம், ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் பாஸ்போர்ட் நகலும், செய்தியாளருக்குத் தகவல் தந்தவரின் பெயர் என்று ஒரே கூரையின் கீழ் பல வகைச் சரக்கு. ஒவ்வொன்றையும் தேடி வருபவர் வேறு. படத்துக்கு வருபவர் பேரம் பேசுவார். செய்தியாளரின் மெயிலுக்கு வருபவர் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

2014 நவம்பரில் சோனி பிக்சர்ஸில் நடந்ததைப் பாருங்கள். வெளிவராத படங்கள், நிர்வாகிகளின் மெயில்கள், சுமார் 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் எல்லாம் வெளியே போயின. கூடவே ஆயிரக்கணக்கான கணினிகளும் அழிக்கப்பட்டன. வட கொரியத் தலைவரைக் கேலி செய்யும் படம் ஒன்று வெளியாகவிருந்த நேரம் அது. டிசம்பர் 19 அன்று எஃப்பிஐ வட கொரிய அரசின் மேல் குற்றம் சாட்டியது. கசிந்த கோப்புகளில் ‘பாஸ்வேர்ட்’ என்றே பெயரிட்ட ஃபோல்டர் ஒன்று இருந்தது; உள்ளே கடவுச்சொற்கள் வெறும் எழுத்தாகக் கிடந்தன. உள்ளே நுழைந்தது எதிராளியின் திறமை என்றே வைத்துக்கொள்வோம். நுழைந்தபின் எவ்வளவு போகும் என்பதை, அதற்குப் பல வருடம் முன்பே, எதை எங்கே சேர்த்து வைத்தோம் என்பது முடிவு செய்துவிடுகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

திருட வராமல் வாயடைக்க மட்டும் வருபவர்களும் உண்டு. பிரான்ஸின் டிவி5 மாண்ட் தொலைக்காட்சிக்குள் 2015 ஜனவரியிலேயே நுழைந்தவர்கள், ஏப்ரல் 8 இரவு ஒளிபரப்புக் கருவிகளின் அமைப்புகளை மாற்றி, நெட்வொர்க் சுவிட்சுகளின் மென்பொருளையே அழித்தார்கள். அத்தனை சேனல்களும் இருண்டன. அன்று புதிய சேனல் ஒன்றின் தொடக்கத்துக்காகத் தொழில்நுட்பக் குழு அலுவலகத்திலேயே இருந்தது. தாக்கப்பட்ட இயந்திரத்தைக் கண்டுபிடித்து இணைப்பைப் பிடுங்க ஆள் இருந்ததால்தான் நிலையம் தப்பியது.

கே: நாங்கள் பத்துப் பேர் வேலை செய்யும் ஒலிக்கலவை ஸ்டுடியோ. பெரிய நிறுவனம் ஒன்று வேலை தருவதற்கு முன் நூறு கேள்விகள் கொண்ட பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருக்கிறது. எதைச் செய்தால் உண்மையில் பயன்?

ப: உங்களைப் போன்ற ஸ்டுடியோக்களின் வழியாகத்தான் பெரிய கசிவுகள் நடந்திருக்கின்றன என்பதால்தான் அந்தப் படிவம். 2016 இறுதியில் ஹாலிவுட்டின் லார்சன் ஸ்டுடியோஸ் என்ற ஒலிக்கூடத்துக்குள் ‘தி டார்க் ஓவர்லார்ட்’ என்ற கும்பல் புகுந்தது. குறி வைத்தெல்லாம் வரவில்லை. இணையத்தில் பலவீனமான கணினிகளைத் தேடிக்கொண்டே போனபோது பழைய விண்டோஸ் 7 கணினி ஒன்று சிக்கியது, அவ்வளவுதான். அப்போதைய மதிப்பில் சுமார் 50,000 டாலராக இருந்த 50 பிட்காயினை ஸ்டுடியோ கொடுத்தது. கொடுத்தும் பயனில்லை. 2017 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸ் தொடர் ஒன்றின் 10 எபிசோடுகள் இணையத்துக்கு வந்துவிட்டன. திருடிய கோப்பை அழித்தேன் என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதிக்க வழியே கிடையாது. பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் வேலையாக, வெளியிலிருந்து உங்களைப் பாருங்கள். ஸ்டுடியோவின் பொது ஐபி முகவரியை வேறொரு இணைப்பிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கவும் கோப்பு பகிரவும் பயன்படும் 3389, 445 ஆகிய போர்ட்டுகளோ (இணைப்பு வாசல்கள்), நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியின் நிர்வாகப் பக்கமோ தெரிந்தால் அன்றைக்கே மூடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விபிஎன் என்ற பூட்டிய தனி இணைப்பு போதும், அதுவும் இரண்டடுக்குச் சரிபார்ப்போடு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது).

அடுத்து, வேலை நடக்கும் கணினிகளை இணையத்திலிருந்து பிரியுங்கள். எடிட், மிக்ஸிங் கணினிகளும் சேமிப்பகமும் தனி நெட்வொர்க்கில். மெயிலும் பிரவுசரும் வேறு கணினியில். இரண்டுக்கும் நடுவே கோப்பு கொண்டுவர ஒரே ஒரு பரிமாற்றக் கணினி. வரும் கோப்பை அங்கே வைரஸ் ஸ்கேன் செய்து, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்து, உள்ளே அனுப்பிவிட்டு, அங்கிருந்து அழித்துவிட வேண்டும். அந்தக் கணினியில் பழைய பட ரீல்கள் தங்கிப்போவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. ஏழு நாளைக்கு மேல் பழையது தானாக அழியும்படி வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டாததை அனுப்பச் சொல்லாதீர்கள். ஒலி வேலைக்கு முழுத் தரப் படம் எதற்கு? சிறிய அளவில், நேரக் குறியான டைம்கோடு பதித்து, உங்கள் ஸ்டுடியோவின் பெயர் குறுக்கே ஓடும் பிரதி போதும். அது கசிந்தால் யாரும் ரசித்துப் பார்க்க முடியாது. யாரிடமிருந்து கசிந்தது என்பதும் தெரிந்துவிடும். பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தனி வாட்டர்மார்க் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை வெட்டியோ மங்கவைத்தோ மறைக்க முடியும் என்பதால், பெரிய நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாத தடயக் குறியையும் சேர்க்கின்றன. 2017 ஆகஸ்டில் புகழ்பெற்ற ஹெச்பிஓ தொடர் ஒன்றின் எபிசோடு ஒளிபரப்புக்கு முன்பே கசிந்தபோது, படத்தின் மேலேயே ‘உள் பார்வைக்கு மட்டும்’ என்ற குறி இருந்தது. எந்தக் கிளையிலிருந்து போனது என்பது அதிலேயே தெரிந்தது. மும்பையில் நால்வர் கைதானார்கள். அதே வாரங்களில் ஹெச்பிஓ நிறுவனத்துக்குள்ளேயே வேறொருவர் புகுந்து பல லட்சம் டாலர் பிட்காயின் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்று வெளியாள் உடைத்துப் புகுந்தது, மற்றது சாவி கையில் இருந்தவர்கள் செய்தது. முன்னதுக்கு ஃபயர்வால் உதவும். பின்னதுக்கு யார் எந்தக் கோப்பை எப்போது எடுத்தார் என்ற பதிவேடுதான் உதவும்.

கோப்பை அனுப்பும்போது அதை என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டி), கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். அதே மெயிலில் கடவுச்சொல்லையும் எழுதினால் என்கிரிப்ட் செய்ததற்கு அர்த்தமே இல்லை. பதிவிறக்க இணைப்பு 48 மணி நேரத்தில் காலாவதியாகட்டும்.

இவ்வளவும் இருந்தும் எங்கே உடைகிறது தெரியுமா? டெலிவரிக்கு முந்தைய இரவு. முறையான பரிமாற்ற மென்பொருள் மெதுவாக ஓடுகிறது, இயக்குநர் போனில் காத்திருக்கிறார். உதவியாளர் தன் சொந்த கிளவுட் கணக்கில் ஏற்றி இணைப்பை அனுப்பிவிடுகிறார். அந்த இணைப்பு வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை. முறையான வழி அவர் போன குறுக்குவழியைவிட வேகமாக இருந்தால்தான் ஆட்கள் அதில் போவார்கள். படிவம் நிரப்பும் செலவில் ஒரு பகுதியை அப்லோடு வேகத்துக்குக் கொடுங்கள். ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கமான எம்பிஏ (MPA) ஒப்பந்தக்காரர்களுக்கு நடத்தும் டிபிஎன் (TPN) பாதுகாப்பு மதிப்பீட்டை ஒருமுறை முடித்துவிட்டால், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிப் படிவம் நிரப்பும் வேலையும் குறையும்.

கே: நான் சந்தா கட்டும் இணைய இதழிலிருந்து ‘உங்கள் தகவல் கசிந்திருக்கலாம்’ என்று மெயில் வந்தது. கடவுச்சொல்லும் போயிருக்குமாம், ‘ஆனால் அது ஹேஷ் செய்யப்பட்டது’ என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

ப: ஹேஷ் என்பது கடவுச்சொல்லை நேராகத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி வைப்பது. எப்படி ஹேஷ் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அமைக்கப்பட்டவை; ஒவ்வொரு கடவுச்சொல்லையும் ஊகித்துப் பார்க்க நேரம் பிடிக்கும். எம்டி5 என்ற பழைய, வேகமான முறை என்றால் சாதாரணக் கிராஃபிக்ஸ் அட்டையே நொடிக்குப் பல நூறு கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். 2010 டிசம்பரில் காக்கர் மீடியா என்ற அமெரிக்க இணைய ஊடக நிறுவனத்தில் சுமார் 13 லட்சம் பேரின் கணக்குகள் கசிந்தன. அங்கே இருந்தது பழைய டெஸ் முறை. அது கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். பதினைந்து எழுத்துக் கடவுச்சொல் வைத்தவருக்கும் எட்டு எழுத்துப் பாதுகாப்புதான் கிடைத்தது. அதே கடவுச்சொல்லை ட்விட்டரிலும் வைத்திருந்தவர்களின் கணக்கிலிருந்து உடனே விளம்பரக் குப்பை பறக்க ஆரம்பித்தது.

ஆகவே, வந்த மெயிலில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், வரிசையாக இதைச் செய்யுங்கள். முதலில் உங்கள் மெயில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அங்கேதான் போகிறது. பிறகு அதே கடவுச்சொல்லையோ அதன் சின்ன மாற்றத்தையோ வைத்த கணக்குகள். கடைசியில் அந்த இதழின் கணக்கு. பலர் கடைசியை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ‘முதல் பள்ளி எது’ போன்ற பாதுகாப்புக் கேள்வியின் விடையும் கசிந்திருந்தால், அதே விடையைக் கொடுத்த மற்ற இடங்களிலும் மாற்றுங்கள்.

கார்டு எண் முழுதாகப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலான தளங்கள் கடைசி நான்கு இலக்கத்தையும், கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கட்டண நிறுவனம் தந்த டோக்கன் குறியீட்டையும் மட்டுமே வைத்திருக்கும். ஆனால் அந்த நான்கு இலக்கமும் சந்தா முடியும் தேதியும் போதும், நம்பும்படியான பொய் மெயில் எழுத. ‘உங்கள் 4471 கார்டில் கட்டணம் தோல்வி, இன்றே புதுப்பியுங்கள்’ என்று வந்தால், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தளத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்த இரண்டாவது சுற்று, கசிவு நடந்து பல மாதம் கழித்துக்கூட வரும்.

கே: எப்போதோ வேலையை விட்ட நிறுவனத்திலிருந்து எனக்கும் இப்படி ஒரு கடிதம். ஏன் இன்னும் என் விவரம் அங்கே இருக்கிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

ப: முதல் கேள்விக்கு நியாயமான பதில் பெரும்பாலும் இருக்காது. வரிக்கும் ஓய்வூதியத்துக்கும் சில ஆவணங்களைச் சட்டப்படி சில ஆண்டுகள் வைக்க வேண்டும். பாஸ்போர்ட் நகலும் மருத்துவ பில்லும் அந்தக் கணக்கில் வராதவை. அழிக்க யாருக்கும் நேரமில்லாமல் பகிர்வு டிரைவில் கிடப்பவை. எழுதிக் கேளுங்கள்: என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எதற்காக, எப்போது அழிப்பீர்கள் என்று. பல நாடுகளின் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

தாமதத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, கண்டுபிடிப்பதே தாமதம். நியூஸ் கார்ப் 2022 ஜனவரியில் கண்டுபிடித்த ஊடுருவல் 2020 பிப்ரவரியிலேயே தொடங்கியிருந்ததாகப் பின்னர் அந்த நிறுவனமே தெரிவித்தது. இரண்டு, யார் யாருடைய விவரம் போனது என்று கோப்பு கோப்பாகத் திறந்து பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 72 மணி நேரம், இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரம் என்றெல்லாம் கெடு இருப்பது உண்மை. அவை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதற்கான கெடு. உங்கள் வீட்டுக்குக் கடிதம் வருவதற்கான கெடு அல்ல.

கே: டிஸ்னி நிறுவனத்தில் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் நடந்த உரையாடல்கள் கசிந்ததாகப் படித்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் இப்படி நடக்குமா?

ப: நடக்கும். 2024 ஜூலையில் வெளியான அந்த 1.1 டெராபைட் தகவல், ஆயிரக்கணக்கான ஸ்லாக் சேனல்களிலிருந்து எடுக்கப்பட்டது. தொடக்கம் மிகச் சிறியது. ஏஐ மூலம் படம் வரையும் கருவி என்று சொல்லி இணையத்தில் வைத்திருந்த மென்பொருளை ஊழியர் ஒருவர் இறக்கி நிறுவினார். அதற்குள் மால்வேர் என்ற தீய மென்பொருள். அது அவருடைய கணினியையும், சொந்தக் கணக்கு, அலுவலகக் கணக்கு இரண்டின் கடவுச்சொற்களும் சேர்ந்திருந்த சேமிப்பையும் திறந்துவிட்டது. ரஷ்யக் குழு என்று சொல்லிக்கொண்டு பேசிய ஆள் கலிஃபோர்னியாக்காரர் என்று பின்னர் தெரிந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பொதுவாக இத்தகைய மால்வேர் கடவுச்சொல்லை மட்டும் எடுப்பதில்லை. ஒருமுறை லாகின் ஆனபின் பிரவுசரில் தங்கும் செஷன் குக்கியையும் எடுக்கிறது. அதை வேறு கணினியில் ஒட்டினால், சரிபார்ப்பை ஏற்கெனவே முடித்த ஆளாகவே தளம் நினைத்துக்கொள்ளும். குறுஞ்செய்திக் குறியீடு, ஆப், யுஎஸ்பி சாவி எதுவும் குறுக்கே வராது. கடவுச்சொல்லை மாற்றினாலும் சில தளங்களில் அந்தக் குக்கி செத்துப்போவதில்லை. அதனால், சந்தேகம் வந்தவுடன் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டுத்தான் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மால்வேர் இருக்கும் அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் போய்விடும்.

நிறுவனம் செய்ய வேண்டியது: செஷன் ஆயுளை 12 மணி நேரத்துக்குக் குறைப்பது, நிறுவனம் தந்த கணினிக்கு மட்டுமே லாகின் அனுமதிப்பது, ஒரே கணக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சேனல்களைத் திறந்தால் மணி அடிக்கும்படி வைப்பது. எல்லாவற்றையும்விட முக்கியம், அரட்டையை 90 நாளில் அழிப்பது. ‘பழைய பேச்சைத் தேட வேண்டியிருக்குமே’ என்ற எதிர்ப்பு வரும். முடிவுகளை ஆவணமாக எழுதி வைக்கலாம். பத்து வருட அரட்டையில் மக்கள் தட்டிவிட்ட கடவுச்சொல், பாஸ்போர்ட் படம், சம்பளப் பேச்சு எல்லாம் கிடக்கிறது, அதைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

கே: தினமும் பேக்அப் எடுக்கிறோம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் சமாளித்துவிடலாம் அல்லவா?

ப: பேக்அப்பைப் பராமரிக்கும் சர்வருக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் ஒரே லாகின் என்றால், தாக்குபவர் முதலில் அழிப்பது அதைத்தான். பேக்அப்பின் நிர்வாகக் கணக்கு தனியாக, அலுவலகத்தின் பொது லாகின் அமைப்பான டொமைனுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு பிரதியாவது குறிப்பிட்ட காலம் யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்க முடியாத பூட்டில் இருக்க வேண்டும். அந்தக் காலம் ஏழு நாள் போதாது. ஊடுருவியவர் வாரக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் பூட்டுவார் என்பதால், 30 நாள் பூட்டும் மாதத்துக்கு ஒன்றாகப் பழைய பிரதிகளும் வேண்டும்.

பலர் கணக்குப் போடாதது மீட்கும் நேரம். 100 டெராபைட் வீடியோவை நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் திரும்ப எடுக்க, கம்பி முழு வேகத்தில் ஓடினாலே 22 மணி நேரம் ஆகும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. எனவே எல்லாவற்றையும் மீட்கும் திட்டம் ஒன்று, நாளைய இதழையோ இன்றைய செய்தியையோ வெளியிட மட்டும் தேவையானதை மீட்கும் திட்டம் இன்னொன்று என்று இரண்டு வேண்டும். 2023 மே 14 அன்று இணையத் தாக்குதல் காரணமாக அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்கொயரரால் தன் வழக்கமான ஞாயிறு இதழை அச்சிட முடியவில்லை. 1996 ஜனவரிப் பனிப்புயலுக்குப் பிறகு அந்த நாளிதழின் வெளியீட்டுக்கு வந்த மிகப் பெரிய தடை அது. 2018 டிசம்பரில் டிரிப்யூன் பப்ளிஷிங்கில் வந்த தாக்குதல், அதே அச்சகத்தில் அச்சாகும் பிற நிறுவனங்களின் நாளிதழ்களையும் தாமதமாக்கியது. அச்சகமும் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையும் மெயில் நெட்வொர்க் விழுந்தாலும் தனியே ஓட வேண்டும். ஓடுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அலுவலக இணைப்பைத் துண்டித்துவிட்டு, கடிகாரம் வைத்துச் சோதியுங்கள்.

கே: புலனாய்வுச் செய்தியாளர் நான். என் தகவலாளிகளை எப்படிக் காப்பது?

ப: அலுவலக நெட்வொர்க் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். நியூயார்க் டைம்ஸ் 2013 ஜனவரியில் வெளியிட்ட தன் சொந்தக் கதை அதுதான். நான்கு மாதம் உள்ளே இருந்த சீன ஊடுருவிகள் எல்லா ஊழியர்களின் கடவுச்சொற்களையும் எடுத்திருந்தார்கள். நிறுவிய 45 மால்வேர்களில் வைரஸ் தடுப்பான் பிடித்தது ஒன்றே ஒன்று. அவர்கள் தேடியது, சீனப் பிரதமர் குடும்பத்தின் சொத்து பற்றி எழுதிய செய்தியாளரின் மெயிலை.

தகவலாளியின் பெயர் எந்தக் கணினியிலும் ஏறக்கூடாது. காலண்டர், தொடர்புப் பட்டியல், கணக்குப் பிரிவுக்குப் போகும் டாக்சி ரசீது இவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். செலவுக் கணக்கில் ஊரும் தேதியும் இருந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சிக்னல் என்ற பாதுகாப்பான அரட்டைச் செயலியில் பேசினால், செய்திகள் ஒரு வாரத்தில் தானாக மறையும்படி வையுங்கள். அலுவலகக் கணினியில் சிக்னல் டெஸ்க்டாப்பை இணைக்காதீர்கள். ஆவணம் கைக்கு வந்தால் அதை இணையத்தோடு சேராத கணினியில் திறந்து படியுங்கள். தகவலாளிகள் பெயர் தெரியாமல் ஆவணம் அனுப்ப உதவும் செக்யூர்டிராப் வைத்திருக்கும் செய்தி அறைகள் இதைத்தான் செய்கின்றன. வந்த ஆவணத்தின் ஸ்கேனை அப்படியே பிரசுரிக்காதீர்கள். பல வண்ண லேசர் பிரிண்டர்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக, அச்சிட்ட இயந்திரத்தின் எண்ணையும் நேரத்தையும் பதிக்கின்றன. உள்ளடக்கத்தை நீங்களே மறுபடி தட்டச்சு செய்து வெளியிடுங்கள்.

கே: ஊடக நிறுவனப் பங்குகள் வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கையில் ‘தாக்குதல் நேரலாம்’ என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். எதைப் பார்ப்பது?

ப: ‘நேரலாம்’ என்ற சொல்லையே பாருங்கள். ஏற்கெனவே நேர்ந்ததை ‘நேரலாம்’ என்று எழுதியதற்காகப் பியர்சன் நிறுவனம் 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இப்போது அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பாதிப்பு முக்கியமானது என்று முடிவு செய்த நான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆண்டறிக்கையிலும் இணையப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, இயக்குநர் குழுவில் யார் கண்காணிக்கிறார் என்று எழுத வேண்டும். அதில் வெளி ஒப்பந்தக்காரர்களைப் பற்றிப் பொதுவாக ஒரே வரி மட்டும் இருந்தால், மேலே லார்சன் கதையை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

கே: திரையில் மிரட்டல் செய்தி வந்துவிட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

ப: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை ஆஃப் செய்யாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். திரையைப் போனில் படம் எடுங்கள். யாருக்கும் மெயிலோ அலுவலக அரட்டையோ அனுப்பாதீர்கள், தாக்கியவர் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

சர்வர் அறையில் கணக்கு வேறு. 2024 ஜூனில் ஜப்பானின் கடோகாவா ஊடகக் குழுமத்தில், தொலைவிலிருந்து அணைத்த சர்வர்களைத் தாக்கியவர்கள் தொலைவிலிருந்தே மீண்டும் இயக்கினார்கள். பொறியாளர்கள் நேரில் போய் மின்கம்பியையும் நெட்வொர்க் கம்பியையும் பிடுங்கித்தான் நிறுத்தினார்கள். அப்படியும் 2,54,241 பேரின் தகவல் கசிந்தது. பரவல் நிற்காவிட்டால் தடயத்தைவிடக் கம்பிதான் முக்கியம். யாருக்கு அந்த அதிகாரம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிப் பணியாளருக்கும் அது இருக்க வேண்டும். பாதுகாப்புக் குழு, அச்சகம், வழக்கறிஞர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் தாளில் அச்சிட்டு அந்த அறையின் சுவரில் இருக்கட்டும்.